பொதுக்குழு என்றால் அன்னபூரணி

1953 கோடை விடுமுறை. வெளியூர்க் கல்லூரிகளில் படிக்கும் காரைக்கால் மாணவர்களின் சங்கத்தில் பதினேழு பேர். பதினேழு பேருக்கும் பதவி. பதவி கிடைக்காதவன் முறுக்கிக்கொண்டு போய்விடுவானே என்று, பி.ஏ.வை மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருந்த தலைவர் மதார் சாகிப் செய்த ஏற்பாடு அது. பந்தல் செயலாளர் என்றுகூட ஒருவன் இருந்தான், பந்தல்தான் இல்லை. விதிகளையும் தலைவரே எழுதினார். நிர்வாகிகள் தங்களுக்குத் தாங்களே கை தூக்கிக்கொள்ளக் கூடாது, பதவியில்லாத உறுப்பினர்களுக்கே பொதுக்குழுவில் ஓட்டு. கேட்க எவ்வளவு நியாயம்!

பதினெட்டாவதாகச் சேர்ந்தாள் குரும்பகரத்து அன்னபூரணி. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; அதன் எல்லைச் சுங்கச்சாவடியில் மாணவர்களின் பெட்டிகளைக் கவிழ்த்துத் துணிமணிகளை ரோட்டில் பரப்புவதை எதிர்த்து ஒரு மனு கொண்டுவந்தாள். அதில் யார் பெயர் முதலில் வருவது என்று துணைத் தலைவர்கள் மூவரும் அடித்துக்கொண்டதிலேயே மூன்று கூட்டம் போனது.

நாலாவது கூட்டத்தில் அவள் எழுந்தாள். "தலைவரே, பதவி இல்லாத ஆளு நான் ஒருத்திதானே?"

"ஆமா தங்கச்சி," என்றார் மதார் சாகிப் பெருந்தன்மையாக. "உனக்கும் ஏதாவது பாத்துக் குடுப்போம்."

"வேணாங்க. அப்ப பொதுக்குழு நான்தான். நிர்வாகத்து மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர்றேன்." கையைத் தூக்கினாள். "ஏகமனதா நிறைவேறிடுச்சு."

மதார் சாகிப் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எங்கும் ஓட்டை இல்லை. அவ்வளவு கவனமாக எழுதித் தொலைத்திருந்தார்.

"இப்ப எல்லாரும் வெறும் உறுப்பினருதானே? என் பேருக்குக் கீழ வரிசையா கையெழுத்துப் போடுங்க. மொதல்ல நீங்க வாங்க, மதார் அண்ணே."

போட்டார். பழக்கதோஷத்தில் கீழே 'தலைவர்' என்றும் எழுதினார். அன்னபூரணி பேனாவை வாங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அடுத்தவனிடம் மனுவை நீட்டினாள்.