கட்டிப்போட்ட பேனா

கை கழுவும் விஷயத்தில் தலைமை நர்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொற்று தொடங்கியபோது ஊழியர்களுக்கு வைத்த தேர்வில் அவள் நாற்பதுக்கு நாற்பது. அதோடு சும்மா இருந்தாளா? கவச உடை கழற்றும் அறையில் ஒரு பட்டியலைத் தொங்கவிட்டாள். கையுறையைக் கழற்றியதும் ஒரு டிக், அங்கியைக் கழற்றியதும் ஒரு டிக், கடைசியில் கை கழுவிவிட்டுக் கையெழுத்து. பேனாவை யாராவது சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, பேண்டேஜ் துணியால் சுவரோடு கட்டியும் போட்டாள்.

மூன்றே வாரத்தில் நான்கு நர்ஸுகள் படுத்துவிட்டார்கள். யாருடைய அலட்சியம் என்று மாலைக்குள் எழுதித் தரச் சொன்னார் பெரிய டாக்டர். வார்டே அந்த நால்வரில் ஒருத்தியை, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸை, கைகாட்டியது. எப்போதும் சிரிப்பும் அரட்டையுமாக இருப்பவள், தேர்விலும் இருபத்திரண்டுதான். அவள் பெயரை எழுதினால் வேலை போய்விடும்.

எழுதுமுன் தலைமை நர்ஸ் நெட்டையின் கட்டிலருகே போய் நின்றாள்.

"உண்மையைச் சொல்லு. எங்க கோட்டை விட்ட?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். ஒரு டிக் கூட விட்டதில்ல. வேணும்னா போய்ப் பாருங்க." மூச்சு வாங்கியது.

தலைமை நர்ஸ் நம்பவில்லை. கழற்றும் அறைக்கு வந்தாள். கையுறை, டிக். அங்கி, டிக். முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. கழுவாத கையால் டிக் போட்டதும் இதே பேனாவால்தானே!

பேண்டேஜ் துணி பழுப்பேறியிருந்தது. நெட்டையின் வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. படுத்திருந்த மற்ற மூவருக்கும் அப்படித்தான். கட்டமெல்லாம் காலியாக இருந்தது துப்புரவுக்கார அக்காவுக்கு மட்டும். "இந்த டிக்கு கிக்கெல்லாம் எனக்கு வராதும்மா" என்று கையைக் கழுவிவிட்டு நேரே போய்விடுபவள். அதற்காகத் தினமும் திட்டு வாங்கியவள். ஒரு காய்ச்சலும் இல்லாமல் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

தலைமை நர்ஸுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. யாருக்கும் தெரியாது, கத்தரித்து எறிந்தால் முடிந்தது என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. பேனாவைக் கத்தரித்துக் குப்பைப் பையில் போட்டாள். மறுபடி கை கழுவினாள். ஆனால் மேஜைக்குப் போய் அறிக்கையில் தன் பெயரையே எழுதினாள், பேனாவின் கதையை ஒன்றுவிடாமல் எழுதினாள்.

பிறகு கவச உடை மாட்டிக்கொண்டு நெட்டையிடம் போய்ச் சொன்னாள்.

"நாலு பேர் சிஸ்டர்" என்றாள் நெட்டை.

"ஆமா" என்றாள் நாற்பதுக்கு நாற்பது வாங்கியவள்.