செவ்வாய்க்கிழமைச் சட்டி

1928ஆம் வருஷம் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஊஞ்சக்காட்டுவலசு கண்ணாத்தாள் ராகிக் களி கிண்டி மூடிவைத்த மண்சட்டியைத் திறந்தபோது உள்ளே களி இல்லை. சிவப்பரிசிச் சோறும் அதன்மேல் தேங்காயெண்ணெய் மிதக்கும் மீன்குழம்பும் இருந்தன. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. மீனென்றால் எப்போதாவது காவிரிப்பக்கம் போய்வந்தவர்கள் கொண்டுவரும் கெண்டையை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மூடியை மூடி மறுபடி திறந்து பார்த்தாள். மீன்குழம்பு அப்படியே இருந்தது. கடலைக்காட்டில் களை வெட்டும் ஆட்களோடு அவள் கணவன் சென்னியப்பன் பசியில் காத்துக்கொண்டிருந்தான், வேறு சமைக்க நேரமில்லை. அதையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அந்த வருஷம் கடலைக்காய் விழுந்த விலையையும்தான் யாரும் நம்பவில்லை, அதற்காக விழாமலா இருந்தது.

மறுநாள் அதே சட்டியில் களி களியாகவே இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொன்று வந்தது. இப்படியே நாலைந்து வாரம் பார்த்தபின் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: அந்தச் சட்டிதான், அந்தக் கிழமைதான், கண்ணாத்தாள் கையால் கிண்டிய களிதான். சென்னியப்பனின் அக்கா பாப்பாயி அதே சட்டியை வாங்கிப்போய்த் தன் வீட்டில் கிண்டிப் பார்த்தாள். களிதான் வந்தது, அதுவும் அடிப்பிடித்த களி. வந்த சோறு எந்த நாட்டுச் சோறு என்று சொல்ல ஆட்டையாம்பட்டி அங்கமுத்து கிடைத்தான். அவன் நெசவாளி, புடவை மூட்டையோடு ரயிலேறிக் கொச்சி முதல் கல்கத்தா வரை போனவன், ஒரு தடவை கப்பலேறிப் பினாங்கையும் பார்த்தவன். செவ்வாய்க்கிழமை மட்டும் தன் தறியை நிறுத்திவிட்டு, வேலை இருப்பது போல ஊஞ்சக்காட்டுவலசு வந்துவிடுவான். முதலில் வந்தது மலையாளத்து மீன்குழம்பு என்று அவன்தான் சொன்னான்.

அதற்குப்பின் அந்த வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமைதோறும் நடந்த வழக்கைக் கோர்ட்டில் நடத்தியிருந்தால் வக்கீல்கள் பணக்காரர்களாகியிருப்பார்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் குழம்பில் ஊற்றுகிறவன் தலைக்கு என்னத்தைத் தேய்ப்பான் என்று சென்னியப்பன் மலையாளத்துக்காரரை ஒரே பேச்சில் தள்ளிவிட்டான். குஜராத்தியின் பருப்பில் வெல்லம் போட்டிருந்தது; அது பருப்பா பாயசமா என்று அவன் கேட்க, பல் போன பாப்பாயி இரண்டும்தான் என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். தெலுங்கு நாட்டிலிருந்து புளிச்சக்கீரைத் துவையல் வந்தபோது, நம் கீரையை எடுத்துக்கொண்டுபோய் மிளகாயைக் கொட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரே ஒத்த குரலில் சொன்னது. வங்காளத்துக் கடுகெண்ணெய் மீனுக்கு எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சீனர்களின் மாவுக்கயிறுகளை அங்கமுத்து ஒருவன்தான் தின்றான். ஏற்காட்டுத் துரை வீட்டு அடுப்பிலிருந்து வந்ததுபோல உப்பும் உறைப்புமில்லாத ஆட்டுக்கறித் துண்டு ஒன்று வந்தபோது, இதைத் தின்றுகொண்டு இவர்கள் எப்படி நம்மை ஆளுகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சென்னியப்பன் வெகுநேரம் யோசனையாக உட்கார்ந்திருந்தான். துலுக்கர் வீட்டுப் பிரியாணி வந்த அன்றைக்கு மட்டும் வாசலில் பேச்சே இல்லை. கையைக் கழுவியபின்தான் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

கண்ணாத்தாளிடம் எது நன்றாக இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. அவள் கடைசியில் சாப்பிடுகிறவள். அவள் நினைப்பு வேறொன்றில் இருந்தது. இங்கே ஒன்று வந்தால் இங்கிருந்து ஒன்று போயிருக்க வேண்டும் என்று அங்கமுத்து கணக்குச் சொல்லியிருந்தான். அப்படியானால் எங்கோ ஒருத்தி தன் மீன்குழம்பைத் தேடி மூடியைத் திறந்து, கறுத்த களியைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பாள்.

“தின்பாங்களா, இல்ல நாய்க்குப் போட்டுருவாங்களா?” என்று அவள் ஒரு நாள் கேட்டாள். வாசலில் இருந்தவர்கள் இன்னொரு கரண்டிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குச் சோறு கொண்டுவந்தவளின் சட்டி வெறுமனே வீடு திரும்பக் கூடாது. தின்றவர்கள் ஒரு பிடியை அழுத்தி உருட்டி அடியில் வைத்து அனுப்புவார்கள், அது சமைத்தவளுக்கு. கண்ணாத்தாளின் ஒரே மகன் கைலாசம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே, “சட்டிக்கு ஒரு பிடி வெச்சிரு சாமி” என்று கேட்டு வளர்ந்தவன். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வடக்கயிற்றில் மாட்டி அவனுடைய வலதுகைச் சுண்டுவிரல் சிறுவயதிலேயே போய்விட்டது. அதனால் அவன் வைக்கும் பிடியில் மூன்று விரல்தான் பதியும். ஆனால் செவ்வாய்க்கிழமைச் சோற்றில் யாரும் பிடி வைப்பதில்லை, அது யாரோ சமைத்தது, வழித்துத் தின்றார்கள். முதல் மீன்குழம்பு வந்தபோது கைலாசத்துக்கு ஏழு வயது. முள்ளைத் துப்பத் தெரியாமல் தொண்டையில் மாட்டி அழுதுகொண்டே இன்னும் வேண்டுமென்றான். அன்றைக்கே அவன் நாக்கு ஊரைவிட்டுப் போய்விட்டது. உடம்பு போகத்தான் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. மற்ற நாள்களில் களியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பிடி வைக்கிற வழக்கமும் நின்றது, சட்டியில் விட்டதெல்லாம் வெறும் மீதிதான்.

1940இல் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கைலாசம் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கிளம்புகிற நாள் புதன்கிழமையாகப் போயிற்று. கண்ணாத்தாள் களியைக் கொள்ளுப்பருப்போடு வட்டிலில் வைத்தாள். அவன் வட்டிலைத் தள்ளினான்.

“ஆறு நாளைக்கு மண்ணத் தின்னுபோட்டு ஒரு நாளைக்குச் சோறு திங்கற பொழப்பு எனக்கு வேண்டாமுங்கம்மா. நாம் போறன்.”

 அவன் போனபின் கண்ணாத்தாள் அந்தக் களியை உட்கார்ந்து தானே தின்றாள். மண் ருசி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அதிலிருந்து அவளுக்கு அது ஒரு புண்ணாகவே இருந்தது. பிள்ளை தூரதேசம் போனதைவிட அந்தச் சொல் அதிகம் வலித்தது என்று பாப்பாயியிடம் சொல்லியிருக்கிறாள்.

1942 மாசி மாதச் சந்தையில் சிங்கப்பூர் விழுந்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள். கைலாசத்தின் பட்டாளம் அங்கேதான் இருந்தது. பிடிபட்டவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. அதற்குப்பின் கண்ணாத்தாளுக்குச் சோறுகளைப் பற்றிய எண்ணமே தலைகீழாகிவிட்டது. சட்டியைத் திறந்து நெய்ச்சோறு மணந்தால் மூடியைப் போட்டு மூடிவிடுவாள், ஏனென்றால் அவள் களி பசியில்லாத வீட்டுக்குப் போயிருக்கிறது. வெறும் சோறும் ஊறுகாயும் வந்தால் கொஞ்சம் ஆறுதல். ஒருநாள் உப்பில்லாத சோளக்கூழ் வந்தபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று வாசலில் கிசுகிசுத்தார்கள். உலகத்திலேயே மோசமான சாப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே தன் களி போகவேண்டும் என்று அவள் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு வருஷத்துக்குமேல் நல்ல நல்ல சோறாகவே வந்து அவளைக் கொன்றது.

தகவலே இல்லாத பிள்ளைக்கு எத்தனை நாள் காத்திருப்பது என்று பாப்பாயி பேச்செடுத்தாள். காரியம் செய்யாமல் விட்டால் அவன் ஆவி அலையும் என்றாள். சென்னியப்பனும் தளர்ந்துபோய்ச் சரியென்றான். ஆவணியில் கருமாதிக்கு நாள் பார்த்தார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கண்ணாத்தாள் சட்டியைத் திறந்தாள். சுண்ணாம்பு வாடை அடிக்கும் நொய்க்கஞ்சி, அதில் இரண்டு வள்ளிக்கிழங்குத் தழை. கஞ்சியின் ஓரத்தில், சட்டிப் பக்கத்தோடு ஒட்டி, ஒரு பிடி ராகிக் களி இருந்தது. அழுத்தி உருட்டிய பிடி. மூன்று விரல் பதிந்திருந்தது.

அங்கே போன களியை அவன் தின்பதற்கு முன்னாலேயே அந்தப் பிடி எப்படித் திரும்பிவந்தது என்று கேட்பவர்கள், களி எப்படிப் போயிற்று என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டியிருக்கும். கண்ணாத்தாள் கேட்கவில்லை. கணவனைக் கூப்பிட்டு அவனுக்குக் கஞ்சியை ஊற்றினாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள். பதினைந்து வருஷமாக எந்த நாட்டுச் சோற்றுக்கும் ஒரு குறை சொல்லிவந்த சென்னியப்பன், கல்லும் புழுவும் கிடந்த அந்தக் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

“நல்லா இருக்குது” என்றான். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

கருமாதி நின்றது. அதற்கப்புறம் வாராவாரம் கஞ்சிதான், வாராவாரம் அந்த மூன்றுவிரல் பிடிதான். செவ்வாய்க்கிழமை வாசலில் கூடுகிற கூட்டம் கரைந்துபோயிற்று. அங்கமுத்து மட்டும் வந்து ஒரு வாய் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். யுத்தகாலத்து ராகிப் பஞ்சத்திலும் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கை மாவு கொண்டுவந்து கொட்டினார்கள். களிக்குள்ளே கருப்பட்டியையும் அவித்த முட்டையையும் வைத்துக் கண்ணாத்தாள் கிண்டினாள். ஆனாலும் அவள் மனசில் ஒரு முள் கிடந்தது. பட்டினி கிடப்பவன் மண்ணையும் தின்பான். மண் என்று சொன்னவனும் அவன்தான். பசிக்குத் தின்கிறானா, பிடித்துத் தின்கிறானா? அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் சாகமாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1945 ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டியைத் திறந்தபோது அவள் வைத்த களியே இருந்தது. சூடு ஆறாமல், யார் கையும் படாமல் இருந்தது. சென்னியப்பனுக்குச் சந்தோஷம். “உட்டுட்டாங்களாட்ட இருக்குது. பையன் கெளம்பியிருப்பான்” என்றான்.

“உட்டாலும் பசிக்குமில்லீங்க” என்றாள் கண்ணாத்தாள்.

அடுத்த வாரமும் களி. அதற்கடுத்த வாரமும் களி. யுத்தம் முடிந்து, தை மாதத்தில் இராசிபுரத்துப் பட்டாளத்துக்காரன் ஒருவன் தேடிக்கொண்டு வந்தான். கைலாசம் ஆனியில் காய்ச்சலில் போய்விட்டதாகவும், தானும் நின்று மண் தள்ளியதாகவும் சொன்னான். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பியபின் கண்ணாத்தாள் பாப்பாயி வீட்டுக்குப் போனாள்.

“நங்கையா, ஒரம்பரைக்குச் சொல்லியனுப்புங்க. காரியம் செஞ்சரலாம். செவ்வாக்கெழமையா நாள் பாருங்க.”

படையலில் செத்தவனுக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம். கைலாசத்துக்குப் பிடித்தது எதுவென்று ஊருக்கே தெரியும். கண்ணாத்தாள் அன்றைக்கு விடியவே குளித்து, பழைய சட்டியில் களி கிண்டி மூடிவைத்தாள். ஆனியிலிருந்து எதையும் மாற்றாமல் கிடந்த சட்டி அன்றைக்கு மாற்றியது. திறந்தால் சிவப்பரிசிச் சோறும் தேங்காயெண்ணெய் மிதக்கும் மீன்குழம்பும். முதன்முதல் வந்த அதே குழம்புதான். பாப்பாயி வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணாத்தாள் அழாமல் வேறொரு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்து, மறுபடி மாவை அள்ளினாள்.

“வேண்டாம்னு தள்ளிப்போட்டுப் போனவனுக்கு அத எதுக்கு வெக்கறே?” என்று சென்னியப்பன் கேட்டான்.

“செத்தவனுக்குப் பசியில்லீங்க. இப்பத் தெரிஞ்சுக்கலாம்” என்றாள்.

தலைவாழை இலையில் ஒரு பக்கம் மீன்குழம்புச் சோறு, இன்னொரு பக்கம் களியும் கொள்ளுப்பருப்பும். விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். செத்தவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அறைக்கதவைச் சாத்தினார்கள். ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து மழையில்லாததைப் பற்றிப் பேசினார்கள். கண்ணாத்தாள் மட்டும் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். 

பங்காளி ஒருவர் கதவைத் திறந்தார். மீன்குழம்புச் சோறு வைத்தது வைத்தபடியே, மேலே ஆடை கட்டிக் கிடந்தது. களி இருந்த இடத்தில் இலை பச்சையாகத் தெரிந்தது. கொள்ளுப்பருப்பை விரலால் வழித்த கோடு இருந்தது. இலையோரத்தில் ஒரு பிடி களி, மூன்று விரல் பதிந்து.

 “சாப்பிட்டுட்டான்” என்று சென்னியப்பன் சொன்னதும், அதற்குமேல் என்ன இருக்கிறது என்பதுபோல ஒரம்பரை பந்திக்கு எழுந்தது. கண்ணாத்தாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பிடியை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, வெகுநேரம் தின்றாள். மீன்குழம்பை வீணாக்கவேண்டாமென்று அங்கமுத்து கேட்டு வாங்கிக்கொண்டான். குழம்பு நல்ல குழம்புதான், புளி மட்டும் முன்னைக்குக் கொஞ்சம் தூக்கல் என்றான். எப்படி இருக்குதுங்க அம்மிணி களி என்று அவளையும் கேட்டான். அத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

“நல்லா இருக்குது” என்றாள் கண்ணாத்தாள். பிறகு எழுந்து, பழைய சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.