தாரை வார்க்கும்போது பக்கத்தில் நிற்பது

மகள் நித்திலாவின் கல்யாணத்தன்று காலை நான் எழுத்தாலான ஒரு பத்தியாக இருந்தேன். என் மனைவி மரகதம் படமாக இருந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் அப்படித்தான் வர வேண்டும் என்று மண்டபத்துக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியவில்லை, அதுதான் வருத்தம்.

"தாரை வார்க்கணும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிக்கணும்" என்றார் ஐயர். "இல்லேன்னா கல்யாணம் இல்லை. முகூர்த்தம் முடியப்போறது."

மேடையில் மரகதம் மேலே இருந்தாள். நான் அவளுக்குக் கீழே இருந்தேன். என் முதல் வரியில் என் பெயர், குழந்தைவேலு. பிறகு படிப்பு, பார்த்த வேலை, ஊர். கடைசி வரியில் நித்திலாவின் பெயர் மட்டும். என்னிடம் துணைக்கால்கள் நிறைய இருந்ததால் நடப்பதில் சிரமமில்லை. மெல்ல ஏறி மரகதத்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

மரகதம் அங்கே இல்லை.

"அடுத்த பக்கத்துல இருக்காங்க சார்" என்றாள் பிலோமினா. அவள் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அடுத்த பக்கம் என்றால் சாப்பாட்டுக் கூடம். அங்கே மரகதம் பந்தி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒதுக்கிவிட்டு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவளை நான் தொடவே இல்லையே!"

"நீங்க ஒரு வரி நகந்தீங்க. அவங்க ஒரு பக்கம் நகந்துட்டாங்க."

"இது என்னம்மா நியாயம்?"

"படம்னா அப்படித்தான் சார்."

அவளை அழைத்துவர நானே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் வேறு கம்ப்யூட்டர். அதில் என் ஃபான்ட் இல்லை. வாசற்படியைத் தாண்டியதும் என் எழுத்தெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களாகிவிட்டன. சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் படித்துப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, கட்டம் கட்டமா இருக்கீங்க?"

நான் விளக்கினேன். விளக்கமும் சதுரமாகவே வந்தது. அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ரசம் கேட்டார்.

ஒருவழியாக மரகதத்தை மேடைக்குக் கொண்டுவந்தோம். "எழுத்துக்குப் பின்னால போட்டுப் பாக்கறேன்" என்றாள் பிலோமினா. மரகதம் எனக்குப் பின்னால் போனாள். என் படிப்பு அவள் மூக்கின் மேல் ஓடியது.

"மூஞ்சி மேல நிக்காதீங்க" என்றாள் மரகதம்.

அடுத்து அவளை எழுத்துக்கு முன்னால் போட்டார்கள். நான் முழுக்க மறைந்துபோனேன். "இப்பத்தான் மேடை பாக்க லட்சணமா இருக்கு" என்று மச்சான் தண்டபாணியின் குரல் கேட்டது. அவர் மரகதத்தின் தம்பி. எங்கள் வீட்டு விசேஷப் பத்திரிகைகளையெல்லாம் அவர்தான் அடிப்பார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று.

"ஸ்பேஸ் பாரைத் தட்டும்மா. தட்டத் தட்ட நகருவாரு."

பிலோமினா தட்டினாள். என் சொற்களுக்கு நடுவில் காலி இடங்கள் விழுந்தன. கல்யாண வீட்டில் காலி இடத்தை யார் விடுவார்கள்? என் பெயருக்கும் படிப்புக்கும் நடுவில் மாப்பிள்ளையின் பெரியம்மா பையை வைத்து உட்கார்ந்துகொண்டாள். என் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு குடும்பமே விசிறியோடு அமர்ந்தது. ஆனாலும் நான் நகர்ந்தேன். மரகதத்தின் சேலை மடிப்பு வரை வந்துவிட்டேன்.

"பாத்தீங்களா மாமா?" என்றார் தண்டபாணி.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா இன்னொருத்திக்கும் இடம் போட்டாள். எல்லாம் ஒரு வரி இறங்கியது. மேளம் தெருவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை மாலையோடு கை கழுவுகிற இடத்தில் நின்றார். மரகதம் மறுபடியும் பந்திக்குப் போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லா எழுத்தும் தடித்தது. "ஒருத்தன் தன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கறதுக்கு இவ்வளவு பாடாய்யா?" என்று கத்தினேன்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மரகதத்தின் பதில் வந்தது. "தெருவுல என்னிக்காவது பக்கத்துல நடந்திருக்கீங்களா? முன்னாலேயே ஓடுவீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி வரும்?"

கல்யாண வீட்டில் சொல்லவேண்டிய பேச்சா இது?

மேடையில் நித்திலா கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. சாதாரணமாகப் பெண்ணாக இருந்தாள். "அப்பா, கை வலிக்குதுப்பா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிலோமினா தண்டபாணியின் கையைக் கீபோர்டிலிருந்து தட்டிவிட்டாள். "ரெண்டு அறை உள்ள கட்டம் ஒண்ணு போடறேன் சார். ஒண்ணுல நீங்க, ஒண்ணுல அக்கா. யாரும் நகர முடியாது. கோட்டை மறைச்சிடறேன்."

"மறைச்சா கோடு இருக்காதா?"

"இருக்கும். தெரியாது."

மரகதம் வந்தாள். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள். வீடியோக்காரருக்குப் பரம திருப்தி. அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன். கோடு இடித்தது.

மாப்பிள்ளையை ஈரக் கையோடு கூட்டிவந்தார்கள். மரகதம் செம்பை எடுத்தாள். "இந்தக் கட்டத்தைத் தாண்டி ஊத்தலாமா பிலோமினா?"

"தண்ணிக்கு ஏதுக்கா கட்டம்? ஊத்துங்க." பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தணித்துக்கொண்டாள். "சார், அச்சுல அக்காவுக்கு நல்ல மை போட்டிருக்கோம். உங்களுக்கு லோக்கல் மைதான். எழுத்துக்கு அது போதும்னு உங்க மச்சான் சொல்லிட்டாரு."

"அதனால?"

"கரையும் சார்."

"முகூர்த்தம், முகூர்த்தம்" என்றார் ஐயர்.

நான் கடைசி வரியை நீட்டினேன். நித்திலா அதன்மேல் கையை வைத்தாள். அந்தக் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். மரகதம் மேலிருந்து ஊற்றினாள்.

முதலில் என் பெயர் போயிற்று. பிறகு படிப்பு, வேலை, ஊர். நீலத் தண்ணீராக ஓடி, கோட்டுக்கு அடியில் புகுந்து, மரகதத்தின் முந்தானையில் ஏறிக்கொண்டேன். மேளம் தெருவில் கொட்டியது.

"போதும்மா, போதும்" என்றார் ஐயர். கடைசி வரி மட்டும் மாப்பிள்ளை கையில் ஈரமாக இருந்தது.

மரகதம் பக்கத்து அறையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. பெரியம்மா பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"எங்கங்க போனீங்க?"

"பக்கத்துலதான்" என்றேன்.

அவள் முந்தானையைப் பார்த்தாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை விட்டுக் கசக்கினாள். "பிலோமினா, இந்தக் கறை போகுமா?"

"போகாதுக்கா."

மரகதம் இன்னும் கொஞ்சம் கசக்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு நடந்தாள்.