நந்திதா குடித்த ஏழு டம்ளர்

1.

"பாப்பா என்ன சாப்பிடறான்னு முழுசாச் சொல்லுங்க. சொன்னாத்தான் ரத்தம் எடுப்பேன்."

இப்படிக் கேட்கக் கூடாது. உடுமலைப்பேட்டையில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். "ரத்தம் எடு, நம்பர் எழுது, கதை கேக்காத அம்மணி" என்றார் டாக்டர் கிருபாசங்கர். இன்று காலை கேட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். (எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், தாள் வீணாவது பொறுக்காது.)

2.

தொடக்கம் ஒன்று: நிலாவைப் போல வெளுத்த அந்தக் குழந்தை—

(வேண்டாம். அவள் வீட்டிலும் இப்படித்தான் வெளுப்பை நல்ல கலர் என்று நினைத்து ஏமாந்தார்கள்.)

தொடக்கம் இரண்டு: நந்திதாவுக்கு ஒன்றரை வயது. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு; பதினொன்றாவது இருக்க வேண்டும். இரண்டு மாதம் இரும்புச்சத்துச் சொட்டுமருந்து கொடுத்த பிறகு, ஆறு. மருந்து கேட்கவில்லை, நாளை ரத்தம் ஏற்றிவிடலாம் என்றார் டாக்டர். மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்த சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிக் கிடந்தன. இரும்பு போதாத ரத்தம். அப்படியானால் இரண்டு மாத மருந்து எங்கே போனது?

ரத்தப் பொருத்தம் பார்க்க மறுபடி எடுக்கும் முன் கேட்டேன். குழந்தையின் அம்மா மயிலாத்தாள் சொன்னாள்: இட்லியைத் துப்பிவிடுகிறாள், பால்தான் சாப்பாடு, நாளைக்கு ஏழு டம்ளர். மருந்து?

"தனியாக் குடுத்தாத் துப்பறாளுங்க. பால்லயே கலக்கிப்போட்டேனுங்க."

[அடிக்குறிப்பு: அவ்வளவு பால் குடிக்கிற வயிற்றில் வேறு சோறு இறங்காது. பாலில் கலந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இதைக் கண்டுபிடிக்க ஊசி வேண்டாம், ஒரு கேள்வி போதும்.]

பாலைக் குறைக்கச் சொன்னேன். அப்பா கதிர்வேலுக்குப் பன்னிரண்டு கறவை மாடுகள். நேராக டாக்டரிடம் போனார்.

"ஏனுங்க டாக்டர், எங்கூட்டுப் பாலக் குடிச்சு எம்பொண்ணுக்கு ரத்தம் வத்திப்போச்சுங்குது இந்தப் புள்ள. உங்கூட்டுக்கும் அதே பாலுதானுங்க ஊத்தறோம்."

டாக்டர் சிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நாளைக் காலை கதிர்வேலிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்றார். (இவரை வில்லனாக எழுத ஆசை. ஆனால் மனுஷர் ஏழைகளிடம் ஃபீஸ் வாங்கமாட்டார். கதைக்குப் பெரிய இடைஞ்சல்.)

3.

முடிவு அ: மன்னிப்புக் கேட்கிறேன். ரத்தம் ஏறுகிறது, எண் கூடுகிறது, பால் தொடர்கிறது, எண் மறுபடியும்—

முடிவு ஆ: டாக்டர் மனம் திருந்துகிறார். (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இ: நான்கு வாரத்தில் நந்திதாவுக்கு எட்டரை. எழுத இரண்டு நொடி ஆகும். எழுதமாட்டேன். எடுக்காத ரத்தத்துக்கு எண் போட்டுப் பழக்கமில்லை.

கதையின் முடிவை உங்களிடம் விட்டுப்போகலாம். குழந்தையை விட முடியாது. பால் இரண்டு டம்ளர்தான். மருந்து தனியாக, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. முட்டை, பருப்பு, கீரை. ரத்தம் ஏற்றும் முன் கோயம்புத்தூரில் இன்னொரு குழந்தை டாக்டரைக் கேளுங்கள். இவ்வளவையும் நந்திதாவின் ரிப்போர்ட்டில் எழுதி, என் பெயரையும் போட்டுவிட்டேன். மயிலாத்தாளின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர்கள் ஊர் பூளவாடிக்கு பஸ் நாலரைக்கு.

லேப் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று. "எங்க அம்மணி கெளம்பிட்ட?" என்கிறார் டாக்டர். இங்கே நான் சூடாக ஏதோ பதில் சொல்வதாக எழுத வேண்டும். ஆனால் அதற்குள் ரிப்போர்ட்டோடு படி இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம்—