ஜன்னலில் ஒரு பட்டர் ஃப்ரூட்

அழுகினால் என்னுடையது, முளைத்தால் அவருடையதா?

பஜ்ஜி மாவைக் கரைத்தபடி பாகீரதி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவன் ரங்கநாதன், தன் மேலாளர் கிரணுக்கும் அவர் மனைவி ஷோபாவுக்கும் அவகாடோ, அதாவது பட்டர் ஃப்ரூட், வளர்ப்பதைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்த புதிதில், அத்திபெலே ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் குடித்துவிட்டு, கடைக்காரர் எறியப்போன கொட்டையை அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். சுற்றிலும் ஈர்க்குச்சி செருகி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாயில் உட்காரவைத்து, தட்டையான அடிப்பாகம் மட்டும் நனையும்படி தண்ணீர் ஊற்றினாள்.

"உங்க வாணியம்பாடில கொட்டையெல்லாம் குளிப்பாட்டுவாங்களா?" என்று ரங்கநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அவன் ஆபீசுக்குப் போனபின் அந்த வீட்டில் அவள் பேசியது அதனோடு மட்டும்தான். 'இன்னும் உள்ளேயே இருக்கிறாயா?' என்று தண்ணீர் மாற்றும்போது கேட்பாள். கேட்டது அதையா, தன்னையா என்று சில நாள் அவளுக்கே தெரியாது.

ஒருநாள் கொட்டை வெடித்து வேர் இறங்கியது. பிறகு தண்டு வந்தது, இலை விட்டது. அந்த வாரம் கம்பெனியில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி. ஆளாளுக்கு யோகா, கிடார் என்று சொன்னார்கள். சொல்ல ஒன்றுமில்லாத ரங்கநாதன், "நான் விதையிலிருந்து அவகாடோ வளர்க்கிறேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று மாலை வந்து முதல் முறையாக அந்தச் செடியை உற்றுப் பார்த்தான்.

"கூர்முனையத்தான் தண்ணில முக்கணும் மேடம். அதான் சீக்ரெட்!" இப்போது அவன் குரல் கேட்டது.

முக்கியிருந்தால் அழுகி நாறியிருக்கும். பாகீரதி பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள்.

ஷோபா ஜன்னலருகே வந்து, எவ்வளவு அழகு என்று கன்னடத்தில் வியந்தாள். "அய்யோ, எஷ்டு சென்னாகிதே! ரங்கநாதன், இத எனக்கே குடுத்துடுங்களேன். எங்க பால்கனிக்கு சூப்பரா இருக்கும்."

அமெரிக்காவுக்கு யாரை அனுப்புவது என்று கிரண் அடுத்த வாரம் முடிவு செய்யப்போகிறார்.

"உங்களுக்காகவே வளர்த்தேன்னு வச்சுக்குங்க மேடம்! பாகீ, பாட்டிலோட கட்டிக் குடுத்துடு."

அவர்கள் கிளம்பும் நேரத்தில் பாகீரதி மஞ்சள் குங்குமத் தட்டுடன் வந்தாள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, ரவிக்கைத் துண்டு எல்லாம் இருந்தன. ரங்கநாதன் தட்டை எட்டிப் பார்த்தான்.

"செடி எங்க?"

"ஜன்னல்லதான் இருக்கு."

"எடுத்துட்டு வா, மேடம் நிக்கிறாங்கல்ல?" என்றவன் அவள் காதருகே குனிந்தான். "அமெரிக்கா போறதே இதுலதான் இருக்கு, பாகீ."

பாகீரதி ஷோபாவுக்குக் குங்குமம் கொடுத்தாள்.

"தட்டுல இருக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான்க்கா," என்றாள், குரலை உயர்த்தாமல். "அது இங்கயே இருக்கட்டும்."