காகிதத் தெங்கிலிங்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த விஷயம் அது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாதாகோயிலுக்குப் பின்னால் நின்று நான் கிளெனைத் திட்டியதைப் போல அதுவரை யாரையும் திட்டியதில்லை.

"ஏன்டா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? ஓலைக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

கிளென் எங்கள் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குப் பொறுப்பாளன். மறுநாள் திருநீற்றுப் புதன். போன வருஷம் வீட்டுப் பீடங்களில் செருகி வைத்த குருத்தோலைகளை வீடு வீடாகப் போய்ச் சேகரித்து, தகர டின்னில் போட்டு எரித்து, நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பது அவன் வேலை. எங்கள் வீட்டுக்கும் மதியம் வந்திருக்கிறான். நான் அப்போது டோபி கடையில் வேலையில் இருந்தேன்.

"அக்கா, நீங்கதானே போன்ல சொன்னீங்க? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, பீடத்துல காஞ்சு கெடக்கறத எல்லாம் அள்ளிட்டுப் போன்னு. அது பழுப்பா, செதில் செதிலா இருந்துச்சு. யாரோ ஓலையில அழகா பின்னியிருக்காங்கன்னு நெனச்சேன் லா."

"அழகா இருக்குன்னு தெரிஞ்சும் எரிச்சியா? சண்டாளா!"

குச்சியை விட்டு டின்னைக் கிளறினேன். கரிதான் வந்தது. எரிந்து போனது என் புருஷன் டொமினிக் காகிதத்தில் மடித்த மூன்று மாத உழைப்பு.

டொமினிக் மணல் லோரி ஓட்டுகிறவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், சாயங்காலம் ஆனால் சம்சு சாராயம் குடிக்காமல் அவருக்கு இருக்க முடியாது. போன மார்ச் மாதம்தான் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொன்ன அம்மா, "கை சும்மா இருந்தா மனசு அங்கதான் போவும். கைக்கு வேலை குடுங்க" என்றார். இவர் கைப்பேசியைப் பார்த்துக் காகிதம் மடிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் கொக்கு. பத்து நிமிஷத்தில் கொக்கு முடிந்துவிடும். அப்புறம் வாசல் கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். கடைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால் கஷ்டமானதாகத் தேட ஆரம்பித்தார். அழகாயிருக்கிறதா என்று பார்க்க மாட்டார், எத்தனை நாள் இழுக்கும் என்றுதான் பார்ப்பார். வண்டு நாலு நாள் இழுத்தது. நண்டு இரண்டு வாரம். நவம்பரில் தெங்கிலிங்கைக் கண்டுபிடித்தார். உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி. பொட்டலம் கட்டுகிற பழுப்புக் காகிதம், மேசை அகலத்துக்கு ஒரே தாள். கத்தரி கூடாது, பசை கூடாது. கட்டம் கட்டமாகக் கோடு மடிக்கவே ஐந்து வாரம் போனது. பிறகு பல்குச்சியால் ஒவ்வொரு செதிலாக நிமிர்த்தினார்.

மூன்று மாதமாக மேசையில் சாப்பிட இடமில்லை. அன்று காலையும் அதைச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் மேசையைத் துடைத்தேன். துடைக்கும்போது அதைத் தூக்கிப் பீடத்தில் வைத்தவள் நான்தான். வைத்ததையே மறந்துவிட்டேன். கிளெனிடம் இதை நான் சொல்லவில்லை. அவ்வளவு திட்டிய வாய்க்கு இதைச் சொல்லத் துப்பில்லை.

ஐந்தரைக்கு டொமினிக் வந்தார். கை கழுவி, துடைத்து, மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"அது எங்க மேரி?"

கிளென் முட்டாள், அவனைப் பொறுப்பாளனாகப் போட்டவர்கள் அவனைவிட முட்டாள்கள் என்று ஆரம்பித்து, எல்லாரையும் திட்டி முடித்துவிட்டு, கடைசியில் சொன்னேன். "நாந்தான் அத பீடத்துல வச்சேன்."

அவர் எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். ஓடிப்போய் வாசலை மறித்தேன்.

"எங்க போறீங்க? அந்தக் கடைக்குத்தானே? போங்க! ஒரு காகிதம் போனதுக்குப் போய்க் குடிச்சுச் சாவுங்க!"

"நிறுத்துடி!"

மேசையில் அவர் அடித்த அடியில் தண்ணீர்க் குவளை உருண்டது. குடித்த காலத்தில் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். அதை நான் சம்சுவின் கணக்கில் விட்டுவிடுவேன். நிதானத்தில் இருக்கும்போது அவர் கத்தி நான் கேட்டதேயில்லை.

"பதினோரு மாசமா நீ என்ன பேசினாலும் வாய மூடிக்கிட்டு இருக்கேன். குடிச்சவனுக்குக் கோவப்பட என்ன யோக்கியதைன்னு இருந்தேன். இன்னிக்கு வருது மேரி. கடைப் பக்கம் போவணும்னு தோணுறப்பல்லாம் ஒரு செதில் மடிச்சேன். எத்தன செதில்னு தெரியுமா ஒனக்கு? அது ஒனக்கு மேசை தொடைக்க இடைஞ்சல்!"

பதிலுக்குக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம்.

"தப்புதாங்க" என்றேன். பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதில்லை.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சாவி கையில்தான் இருந்தது.

"வால் மட்டுந்தான் பாக்கி. அடுத்தது என்னன்னு ஒரு வாரமா தேடறேன். ஒன்னும் கெடைக்கல. எல்லாம் சீக்கிரம் முடியறதா இருக்கு. இப்ப அந்த வாலும் இல்ல."

சாவியைப் பிடுங்கினேன். சட்டைப் பையிலிருந்த கைப்பேசியையும் பிடுங்கினேன். எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன்.

"இது?"

"ரெண்டு மணி நேரம்."

"இது?"

"ஒரு வாரம்."

"என்ன எழவுக்கு இதையெல்லாம் போட்டு வைக்கிறானுங்க!" என்று கைப்பேசியையும் திட்டினேன். தள்ளிக்கொண்டே போனதில் ஒரு மயில் வந்தது. தோகை விரித்த மயில், ஒரே தாளில். அவர் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு இறகாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது பயங்கரக் கஷ்டம் மேரி. மொத ரெண்டு மூனு தடவ கட்டாயம் கிழிஞ்சிரும். முடிக்க ஒரு வருஷம் ஆவும்."

"ஒரு வருஷந்தானா?" என்று கத்தினேன். "எனக்குப் பத்தாது. இதவிடக் கஷ்டமானது தேடுங்க!"