எண்ணில் தொடங்காத பெட்டி

சங்கரபாண்டியன் சார் மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பியபோது, எங்கள் ஆபீசில் முதலில் மாறியது அவருடைய நடைதான். ஆற்றங்கரை வயல்காட்டுப் பிள்ளையாகப் போனவர், தும்மினால்கூட ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்லுகிறவராக வந்தார். பாவம், நல்ல மனுஷர். ஆனால் கேலி செய்ய இவ்வளவு வசதியான ஆளை ஆண்டவர் எங்கள் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தால் நான் என்ன செய்வது?

அது எழுபத்தெட்டாம் வருஷம். தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு ஏஜென்சியில் நான் பஞ்ச் ஆபரேட்டர். அட்டையில் துளை போடுகிற வேலை. கொழும்பிலிருந்து வரும் தோணியின் சரக்குப் பட்டியலை நான் அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். அட்டைகள் ரயிலேறி மெட்ராஸ் போகும். அங்கே இருக்கிற மெஷின் அவற்றைப் படித்து, கூட்டிப் போட்டு, பட்டியலை அச்சடித்துத் தரும். அந்தத் தாளைக் கஸ்டம்ஸில் கொடுத்தால்தான் சரக்கு ஷெட்டை விட்டு வெளியே வரும். முதல் தோணிக்கு இது சரியாக நடந்துவிட்டால் சாருக்கு மெட்ராஸ் தலைமை ஆபீசில் நாற்காலி என்று பேச்சு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தோணியில் கணக்கு எழுதுகிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். ஒருத்தர் ‘12மூட்டை’ என்று ஒட்டி எழுதுவார். இன்னொருத்தர் ‘12 மூட்டை’ என்று தள்ளி எழுதுவார். ‘2.5டன்’ என்று புள்ளியும் வைப்பார்கள். மெஷினுக்கு எண் தனியாக வேண்டும், மூட்டையும் டன்னும் தனியாக வேண்டும். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் அதற்குக் கூட்டத் தெரியாது. இந்த ஒட்டைப் பிரிக்கத்தான் சார் ஒரு வித்தை படித்து வந்திருந்தார். கரும்பலகை வாங்கி மாட்டி எங்களுக்குப் பாடமே எடுத்தார்.

"இங்க பாருங்க. முதல்ல இலக்கம். எத்தனை இலக்கம் வந்தாலும் சரி. அப்புறம் புள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடுவுல இடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுக்குப் பின்னால எழுத்து. இலக்கம் ஒரு பக்கம் போயிரும், எழுத்து ஒரு பக்கம் போயிரும். இதுக்குப் பேரு பேட்டர்ன்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு, கல்யாணத் தரகர் பேசுத மாதிரியே இருக்கே சார்" என்றேன். மேனேஜர் விக்டர் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சார் அசரவில்லை. "எண்ணுல தொடங்காத வரி சரக்கே இல்ல. அதை மெஷின் தூக்கி எறிஞ்சிரும்" என்றார். அதற்கும் காரணம் வைத்திருந்தார். எங்கள் கடற்கரை ஆட்கள் தாளின் தலைப்பில் ‘சேசு மரி சூசை’ என்று சாமி பேர் போடாமல் ஒரு எழுத்து எழுத மாட்டார்கள். நடுநடுவே ‘மழையில் நனைந்தது’, ‘கயிறு அவிழ்ந்தது’ என்று குறிப்பும் எழுதுவார்கள். அவற்றையெல்லாம் சரக்கென்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

"சேசு மரி சூசையவே தூக்கி எறியுத மெஷினா? நல்லா வெளங்கும்" என்றேன்.

அந்த முதல் தோணியில்தான் என் பெட்டியும் வந்தது.

எனக்குப் புதன்கிழமை மாதா கோவிலில் கல்யாணம். மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாயிற்று. மாப்பிள்ளைக்கு ஊர் தருவைகுளம். பெட்டிக்குள் கல்யாணத்துக்கான வெள்ளைச் சேலையும், தலைக்குப் போடுகிற நெட்டும் இருந்தன. கொழும்பில் இருக்கும் இசபெல்லா பெரியம்மா அனுப்பியது. தூத்துக்குடியில் வெள்ளைச் சேலைக்குப் பஞ்சமா என்று கேட்காதீர்கள். பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவள். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தன் மகள் என்றே சொல்லுகிறவள். அந்தச் சேலையின் ஓரம் முழுக்கத் தன் கையால் லேஸ் பின்னியிருந்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. அவள் வர முடியாததற்குப் பதிலாக அந்தச் சேலை வந்தது. அதைக் கட்டாமல் கோவில் படி ஏற எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து அச்சடித்த பட்டியல் வந்தது. துளையிட்ட அட்டைகளும் திரும்பி வந்தன. கூடவே, மெஷின் செய்த அதிசயத்தை நேரில் பார்க்கத் தலைமை ஆபீஸ் பெரிய அதிகாரியும் வந்து இறங்கினார். பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எண்கள் ஒரு பக்கம், மூட்டையும் டன்னும் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை மாதிரி நின்றன. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் இஞ்ஞாசி மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்தத் தோணியில் கணக்கு எழுதுகிறவர் அவர்தான்.

"ஏளா பிளாரன்ஸ், உன் பெட்டிய கஸ்டம்ஸ்ல பூட்டி வச்சிட்டாவ! பட்டியல்ல இல்லாத சரக்காம். கடத்தல் சாமானோன்னு சந்தேகப்படுதாவ!"

கடத்தல் சாமான்! பெரியம்மா பின்னிய லேஸ்! எனக்கு வந்த கோபத்தில் நேராகச் சாரிடம் போய் நின்றேன்.

"மெஷின் தப்பு பண்ணாது" என்றார் அவர், உள்ளறையில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்குக் கேட்காத குரலில். "நீதான் அட்டையை விட்டிருப்ப. இப்ப கிளறாத. அவரு புதன்கிழமை ராத்திரி ரயில்ல போயிருவாரு. வியாழக்கிழமை சத்தமில்லாம சரிபண்ணிக்கிடலாம்."

"வியாழக்கிழமை நான் தருவைகுளத்துல மருமவளா இருப்பேன் சார். சேலையை எப்பக் கட்டுதது? முதல் பிள்ளை ஞானஸ்நானத்துக்கா?"

அவரிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று அட்டைக் கட்டை அவிழ்த்து உட்கார்ந்தேன். அச்சடித்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மூன்று அட்டைகளின் சரக்கு பட்டியலில் இல்லை. என் பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி அலமாரி. அட்டைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. மூன்றையும் அவர் மேஜையில் வைத்தேன்.

"எல்லா அட்டையும் இருக்கு. வாசிங்க."

அட்டையின் மேல்விளிம்பில் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருந்த தமிழைச் சார் கூட்டி வாசித்தார். "லாபம் பெட்டி." அடுத்ததை எடுத்தார். "லாபம் தையல் மெஷின்." மூன்றாவதை வாசிக்கவே இல்லை.

எங்கள் பக்கம் அளக்கிறவர் யாரும் ‘ஒன்று’ என்று ஆரம்பிக்க மாட்டார். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள். மற்ற எண்ணுக்கெல்லாம் இலக்கம் போடுகிற இஞ்ஞாசி மாமா, ஒன்றுக்கு மட்டும் வாயால் சொல்வதையே கையாலும் எழுதிவிடுவார். அவர் எழுதியதை நான் அப்படியே துளையிட்டேன். லாபத்தில் இலக்கம் ஏது? சேசு மரி சூசையோடு சேர்த்து என் பெட்டியையும் மெஷின் தூக்கி எறிந்துவிட்டது.

"உங்க ஊர்ல நெல்லு அளக்கையில முதல் மரக்காலுக்கு என்ன சார் சொல்லுவிய?"

"லாபம்" என்றார் சார். "எங்க அப்பா களத்துல நின்னு கத்துவாரு. அதைக் கேட்டு வளந்தவன்தான் நான். பேட்டர்ன் போடும்போது ஒருதடவைகூட ஞாபகம் வரலியே!"

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு உள்ளறைப் பக்கம் பார்த்தார், சிரிப்பு நின்றுபோனது. தப்பு என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்தால்தான் கஸ்டம்ஸ் பூட்டைத் திறக்கும். அதில் அதிகாரி கையெழுத்து வேண்டும்.

விக்டர் அண்ணாச்சி நடந்ததைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னவே இதுக்குப் போய் யோசிக்கீரு? பஞ்சிங்குல தப்புன்னு ஒரு வரி எழுதும். அந்தப் பிள்ளை கல்யாணம் ஆகிப் போறவதானே. அவளுக்கு என்ன நஷ்டம்?"

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பெட்டிதான் கண்ணில் நின்றது. "என் பேரையே எழுதுங்க சார். எனக்குப் பெட்டி வந்தாப் போதும்" என்றேன். மனசார வந்த வார்த்தைதான் அது.

சார் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"சார், என் பேட்டர்ன் தப்பு. எங்க பக்கத்துல முதல் எண்ணை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னு சொல்லுவோம். எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், மறந்துட்டேன். பஞ்ச் பண்ணின பிள்ளை சரியாத்தான் பண்ணியிருக்கு. அந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை கல்யாணம். கல்யாணச் சேலை ஷெட்டுக்குள்ள கிடக்கு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அப்புறம் அதிகாரி பேசினார். "கையெழுத்துப் போடறேன். ஆனா மெட்ராஸுக்கு இப்ப நீங்க வர வேண்டாம். இங்கேயே இருந்து உங்க ஊர்ல இன்னும் எப்படியெல்லாம் எண்ணுவாங்கன்னு முதல்ல கேட்டு எழுதுங்க."

"சரி சார்" என்றார் அவர்.

பூட்டைத் திறக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. யாரையும் அனுப்பாமல் சாரே போய், பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடற்காற்றை எதிர்த்து மிதித்ததில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மா வாசலிலேயே பெட்டியைத் திறந்தாள். மேலாக மடித்து வைத்திருந்த நெட்டை ஒதுக்கிச் சேலையை எடுத்து என் தோளில் போட்டாள். ஓரத்து லேஸில் ஒரு இடத்தில் பெரியம்மா இழையைத் தவறவிட்டு, மறுபடி பிடித்துப் பின்னியிருந்தாள். அந்த இடத்தில் விரலை வைத்ததும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

சார் வாசல்படியில் நின்று செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்தால் சொல்லுவதற்கென்று நாலைந்து கிண்டல் யோசித்து வைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உள்ள வாங்க சார். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.